ஒரு ஆணியை உருவ விடுங்கய்யா

மாட்டு வண்டியில கடையாணியை உருவினா சக்கரம் கையோட வந்துரும். அதே வசதியை பைக் டிஸ்க் பிரேக்குல வைக்க என்ன கேடு?

2019 ஏப்ரல்லேர்ந்து 125 சிசிக்கு மேல உள்ள பைக்குக்கு ஏபிஎஸ் கட்டாயம். நல்ல சட்டம்தான். பேட் தேய்ஞ்சு கிடந்தா ஏபிஎஸ் என்ன செய்யும்?

எங்க மாத்தூர் பக்கம் வந்து பாருங்க. மணலி கன்டெய்னர் லாரி கிளப்புற தூசி, எண்ணூர் உப்புக்காத்து. காலிப்பர் பின்னு துருவேறி நகராது. ஒரு பக்கத்து பேட் மட்டும் சீக்கிரம் தேயும். கழட்டப் போனா ஆலன் கீ குழி வழுக்கிடும். பல வண்டியில காலிப்பரையே இறக்கணும். விடியக்காலையில கீரைக்கட்டோட சந்தைக்கு ஓடுறவன் தள்ளித்தான் போடுவான். அப்புறம் பேட்டோட இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கும். சின்னச் செலவு பெருஞ்செலவாயிடும், உயிர் தப்பினா.

"கண்டவன் பிரேக்குல கை வைக்கலாமா?"ன்னு கேப்பீங்க. பேட் மாத்த ஆயில் குழாயைத் திறக்க வேண்டியதே இல்லீங்க. பிஸ்டனை உள்ள தள்ளி, புதுசை மாட்டி, லிவர் இறுகுற வரை அமுக்கிப் பாத்துட்டு கிளம்பணும். அவ்வளவுதான்.

முடியாத காரியமும் இல்ல. மலைச் சைக்கிள் பலதுல ஒரு பின்னை உருவினா பேட் மேல் வழியா வந்துரும். 1950-கள்லேயே புல்லட் செஞ்சது நம்ம திருவொற்றியூர். துருப்பிடிக்காத பின்னும் மேல ஒரு திறப்பும் வைக்கவா அறிவு பத்தாது?

அடுத்த வண்டி வாங்கப் போறப்ப மைலேஜ் மட்டும் கேக்காதீங்க. "பேட்டை எப்படிய்யா மாத்துறது, கழட்டிக் காட்டு"ன்னு கேளுங்க. நகரத்துக்காரங்க நீங்க கேட்டாத்தான் அவங்க காதுல விழும்.