கல்லூரி வாயிலில் தடுப்பூசி

கல்லூரியில் சேர வரும் மாணவரிடம் மாற்றுச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. மதிப்பெண் பட்டியல் கேட்கப்படுகிறது. சலுகை கோருவோரிடம் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கேட்கப்படுகின்றன. எந்தெந்த நோய்களுக்கு எதிராக அவர் தடுப்பூசி பெற்றிருக்கிறார் என்பதை மட்டும் நம் கலை, விஞ்ஞானக் கல்லூரிகளில் பெரும்பாலானவை கேட்பதில்லை. அதே மாணவருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. அந்நாட்டின் பல மாநிலங்களில் தட்டம்மைக்கு எதிரான தடுப்பூசி பெற்றதற்கு அத்தாட்சி காட்டியாக வேண்டும். ஆகவே பயணச் சீட்டு வாங்கிய பிறகு, குழந்தைப் பருவத்து அட்டையைத் தேடும் படலம் தொடங்குகிறது. அயல்நாட்டு வகுப்பறையில் வேண்டப்படும் பாதுகாப்பு உள்நாட்டு வகுப்பறையில் வேண்டாததாவது எங்ஙனம்?

மாணவருக்குத் தடுப்பு முறையைக் கட்டாயமாக்குவது மேனாட்டிலிருந்து இரவல் பெற்ற எண்ணமன்று. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1813-ஆம் ஆண்டிலேயே அம்மை குத்தும் பணி தொடங்கிற்று. 1879-இல் வெளியான அரச பிரகடனம் அரசாங்க ஊழியர், சிறைக் கைதிகள், மாணவர் ஆகிய மூவகையினருக்கும் அதைக் கட்டாயமாக்கிற்று. கைதிகளோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டதை இக்காலத்து மாணவர் விரும்பமாட்டார். ஆயினும் அந்த வரிசைக்கு ஒரு நியாயம் உண்டு. பலர் நெருங்கிக் கூடும் இடத்தில் இருப்பவர்கள் இம்மூவருமே. அரசாங்கத்தின் கைக்கு எளிதில் எட்டுபவர்களும் இவர்களே. பெரியம்மை 1975-க்குப் பின் இந்தியாவில் காணப்படவில்லை. அந்த வெற்றிக்கு வித்திட்ட முயற்சிகளுள் இத்தகைய பழைய ஏற்பாடுகளுக்கும் பங்குண்டு.

கொச்சித் துறைமுகத்துக்கு எதிரே கிடக்கும் வைப்பின் தீவை எடுத்துக்கொள்வோம். 1341-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் பெரியாறு கொண்டுவந்து வைத்த மண்ணால் உருவான நிலம் என்று சொல்லப்படுவது இது. பெயரிலேயே அந்த ‘வைப்பு’ இருக்கிறது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஒடுங்கிய தீவில் மக்கள் மிக நெருக்கமாக வாழ்கின்றனர். இதன் வடகோடியிலுள்ள பள்ளிப்புறத்தில் டச்சுக்காரர் காலத்துத் தொழுநோயாளர் இல்லம் ஒன்று இருந்தது. நோயைத் தீவின் கோடியில் ஒதுக்கிவைப்பதே அன்று அறிந்திருந்த ஒரே வழி. இன்றோ, எதையும் ஒதுக்கிவைக்கத் தக்க இடமாக வைப்பின் இல்லை. 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டன. 2023-இல் நீர் மெட்ரோவின் படகுகள் வந்தன. காலையில் தீவை விட்டுப் புறப்படும் மாணவர் அரை மணி நேரத்துக்குள் எர்ணாகுளத்தின் கல்லூரி ஒன்றில் பல மாவட்டத்தவரோடு ஒரே பெஞ்சில் அமர்ந்துவிடுகிறார். மாலையில், பாட்டியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டுக்குத் திரும்புகிறார்.

இம்மாணவரின் தடுப்பாற்றல் எந்நிலையில் உள்ளது? தேசிய அட்டவணைப்படி தொண்டை அடைப்பானுக்கு எதிரான ஊசி கைக்குழந்தைப் பருவத்திலும், ஒன்றரை வயதை ஒட்டியும், 5 வயதிலும் போடப்படுகிறது. அதன் வலிமை ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. ஆகையால் 10, 16 வயதுகளில் மீண்டும் ஊசி விதிக்கப்பட்டுள்ளது. ஆனால் அண்மைக் காலம் வரையில் நாட்டின் பல பகுதிகளில் அவ்வயதுகளில் போடப்பட்டது ரணஜன்னிக்கு மட்டுமான ஊசியே. தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் மருந்து பின்னரே அதன் இடத்தைப் பெற்றது. ஆங்கிலத்தில் வேறுபட்ட எழுத்துக்களுடைய இவ்விரு மருந்துகளின் பெயர்களும் தமிழில் ‘டி.டி.’ என்றே எழுதப்படுகின்றன. பதிவேட்டைப் பார்க்கும் களப்பணியாளர் எந்த ‘டி.டி.’ என்று கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். 16 வயதுத் தவணையோ பள்ளியை விட்டு நீங்கும் தறுவாயில் வருவது. தவறிப்போவதற்கு மிகவும் இடமுள்ளது.

இதன் விளைவு கற்பனையன்று. 2016-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் தலைகாட்டியபோது, நோயுற்றோரில் பலர் 10 வயதைக் கடந்தவர்கள்; உயிரிழப்பும் நேர்ந்தது. குழந்தை நோய் என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்தது வளர்ந்தவர்களின் தொண்டையில் தோன்றிற்று. பின்னர்ப் பள்ளிதோறும் சென்று ஊசி போட நேர்ந்தது.

ஆகவே கல்லூரியில் தடுப்பூசியை நிபந்தனையாக்க வேண்டும் என்பது சரியே. ஆனால், ‘சான்றிதழ் இல்லையேல் இடமில்லை’ என்று மட்டும் சொல்லும் நிபந்தனை தீங்கானது. வசதியுள்ளவர் தனியார் டாக்டரிடம் சென்று ஒரு மணி நேரத்தில் சான்றிதழ் பெற்றுவிடுவார். மீன்பிடிக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பெண் அதற்கு அலைந்து ஒரு வாரம் இழப்பாள். சில வேளை இடத்தையே இழப்பாள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தின் வடபகுதியில் எத்தனையோ வீடுகளின் காகிதங்கள் நீரோடு போயின. தடுப்பூசி அட்டை மட்டும் தப்பியிருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. குறிப்பு இல்லாதவரை ஊசி பெறாதவராகக் கொண்டு போடுவதே மருத்துவ முறை. தட்டம்மை ஊசி ஒருமுறை கூடுதலாகப் போடப்பட்டாலும் கேடில்லை. ரணஜன்னி ஊசியை மட்டும் மிகக் குறுகிய இடைவெளியில் திரும்பப் போட்டால் கை வீங்கி வலிக்கக்கூடும்.

நிபந்தனையும் ஊசியும் ஒரே வாயிலில் கிடைக்குமாறு செய்யலாம் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. கோவிட் தொற்றுக்குப் பின் 2021 அக்டோபரில் கேரளக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது, மாணவர் ஒரு தவணையேனும் தடுப்பூசி பெற்றிருக்க வேண்டுமென்று கூறப்பட்டது. அதைப் போட மாணவர்க்கெனச் சிறப்பு ஏற்பாடுகளும் செய்யப்பட்டன. அவசரத்தில் முடிந்த காரியம் அமைதிக் காலத்தில் முடியாமற் போகக் காரணமில்லை. மாநிலத்தின் பொதுச் சுகாதாரச் சட்டமும் 2023-இல் புதிதாக இயற்றப்பட்டுள்ளது. குறைவு சட்டத்தில் அன்று, சேர்க்கைத் தினத்தன்று கல்லூரி வராந்தாவில் ஒரு மேஜை இல்லாமையில்தான் இருக்கிறது. ஞாறக்கல் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸும் ஒரு குளிர்பெட்டியும் அங்கு வருவது பெரிய செலவன்று.

அந்த மேஜையில் எவை இருக்க வேண்டும் என்பதை இடத்துக்கேற்ப முடிவு செய்வது நலம். தொண்டை அடைப்பான்–ரணஜன்னி ஊசி எல்லோருக்கும் உரியது. வைப்பினில் அதற்கு மற்றொரு காரணமும் உண்டு: இறால் கட்டிலும் பொக்காளி வயலிலும் வீட்டாருக்கு உதவும் மாணவரின் காலில் சிப்பி கிழிப்பதும் மீன் முள் தைப்பதும் அன்றாட நிகழ்ச்சி. 2017-இல் நடந்த தட்டம்மை–ரூபெல்லா இயக்கத்தில் ஊசி பெறாதவர்களுக்கு அது போடப்பட வேண்டும். அந்த ஊசி பொன்னுக்குவீங்கியைத் தடுக்காது என்பதை ஆசிரியர்கள் மனத்திற் கொள்வது நன்று. 2024-இல் கேரளத்தில் அந்நோய் பரவியபோது, ‘ஊசி போட்டும் வந்துவிட்டதே’ என்ற ஐயத்துக்கு விடை அதுதான். கல்லீரல் அழற்சி ‘பி’ ஊசி நாடு முழுவதற்குமான திட்டத்தில் 2011-ஐ ஒட்டியே சேர்ந்ததால், அதற்கு முன் பிறந்தவர்களில் விடுபட்டோர் பலர் இருக்கக்கூடும். நர்ஸ் பயிற்சியும் ஆய்வுக்கூடப் பயிற்சியும் பெறுவோர் இதைத் தள்ளிப்போடலாகாது. இதற்கு மூன்று தவணைகள்: முதல் நாளிலும், ஒரு மாதத்திலும், ஆறாம் மாதத்திலும். ஜூலையில் சேர்பவருக்கு இரண்டாவது ஆகஸ்டிலும் மூன்றாவது ஜனவரியிலும் வரும். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து மாணவர் திரும்பும் அந்த முதல் வாரத்தில் மேஜையை மறுபடியும் போடும் பொறுப்பு யாருடையது என்பதைச் சேர்க்கைத் தினத்தன்றே ஓர் ஆசிரியரின் பெயரில் எழுதிவைக்க வேண்டும்.