கல்வீடு பசி தீர்க்குமா?

ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய அரசு, 1953 ஆகஸ்டு 12ஆந் திகதி கிளம்பிய ஹர்த்தாலைக் கண்டு நடுங்கியது. பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறி மந்திரிசபைக் கூட்டம் நடத்தியது. அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஏழையின் உலையில் கைவைக்க அன்று விலையேற்றம் வேண்டியிருந்தது. இன்று ஒரு பெயர்ப்பட்டியல் போதும்!

1995 முதல் வழங்கப்பட்ட சமுர்த்தி நிவாரணத்தின் இடத்தில், 2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது. கல்வி, உடல்நலம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என ஆறு பிரிவுகளில் 22 அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. மிக வறியோருக்கு மாதம் 15,000 ரூபா என்றார்கள். 2025இல் அதனை 17,500 ஆக்கினார்கள். நன்று. சமுர்த்தியில் அரசியற் செல்வாக்குப் புகுந்ததையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் முதற் பட்டியல் வெளிவந்ததும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் குவிந்தனவே, ஏன்? குறை மக்களிடமா, அளவுகோலிடமா?

அந்த அளவுகோலைப் பூநகரிக்குக் கொண்டுவாருங்கள். மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்போன மண். ஆயினும் வானம் பார்த்த மண். ஒரு காலபோகம் பொய்த்தால் அந்த ஆண்டே பொய்த்துப்போகும். போரில் அனைத்தையும் இழந்து மீண்ட குடும்பத்துக்கு வீட்டுத் திட்டத்திற் கிடைத்தது கல்வீடு. கல்வீடு பசி தீர்க்குமா? கடனுக்கு வாங்கிய மோட்டார் சைக்கிள் செல்வத்தின் அடையாளமாகுமா?

இதனால் விளையும் கேடு வயிற்றோடு நிற்பதன்று. கூலிக்குப் போனால் வருமானமென்று எழுதிவிடுவார்களோ என்ற அச்சம். போகாவிட்டால் அடுப்பெரியாதே என்ற ஏக்கம். கோழி வளர்க்கவும், சிறுதொழில் தொடங்கவும் கை தயங்குகிறது. உழைப்பவனை உழைக்க அஞ்சவைக்கும் உதவி உதவியாகுமா? பட்டியலில் உள்ள அயலவரின் பெயருக்கு ஆட்சேபனை எழுதவும் இத்திட்டம் வழிவகுத்தது. ஒரே பதுங்குகுழியில் உயிர்காத்தவர்கள் இன்று ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கலாமா? காணாமற்போன மகனை எண்ணி உறக்கமிழந்த தாய்க்கு, பட்டியலில் பெயர் இருக்குமோ என்னும் கவலையும் வேண்டுமா?

நாம் கேட்பது பிச்சையன்று, நீதி. விலக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் காரணத்தைத் தமிழில், எழுத்தில் கொடுங்கள். முறையீட்டைக் கிராமத்திலேயே, மக்கள் முன்னிலையில் விசாரியுங்கள். தொழில் தொடங்குபவரின் கொடுப்பனவை, அவர் காலூன்றும்வரை ஓராண்டுக்கேனும் நிறுத்தாதிருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஆசிரியர்களே, சட்டமறிந்த அன்பர்களே! முறையீடு எழுதத் தெரியாத உழவனின் பக்கத்தில் உட்காருங்கள். வறுமையை அளக்க வருபவர், முதலில் வயல் வரப்பில் இறங்கி நடக்கட்டும்!