பூஹோல்ஸும் ஏறிக்கொண்டே போன தவணையும்

என் மச்சினன் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் இருக்கிறான். அவன் புண்ணியத்தில்தான் எனக்கு இந்த பேஸ்பால் பைத்தியம் பிடித்தது. அங்கே ராத்திரி ஆட்டம் என்றால் இங்கே புனேயில் காலை ஐந்தே முக்கால் மணி. வீட்டில் எல்லோரும் எழுந்திருப்பதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடும், யாருக்கும் தொந்தரவில்லை. மச்சினனோடு எல்லா விஷயத்திலும் ஒத்துப்போவேன், ஒன்றைத் தவிர. ஆல்பர்ட் பூஹோல்ஸ் பெயரை எடுத்தால் போதும், "காசுக்காக ஊரை விட்டுப் போனவர் அத்தான் அவர்" என்பான். 2022-ல் திரும்பி வந்ததும் மன்னித்துவிட்டானாம். மன்னிக்க இவன் யார்? :-)

பேஸ்பால் தெரியாதவர்களும் தைரியமாக மேலே படிக்கலாம். ஆட்ட விதிகள் தேவையில்லை, கொஞ்சம் வட்டிக்கணக்கு தெரிந்தால் போதும்.

பூஹோல்ஸ் டொமினிகன் குடியரசில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். 1999-ல் கல்லூரி, பள்ளி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது இவர் பெயர் வந்தது 402-வது ஆளாக. எடுத்தது செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். 2001-ல் முதல் முறையாகப் பெரிய லீக்கில் இறங்கி 37 ஹோம் ரன். சிக்ஸர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைவிட ரொம்பக் கஷ்டம். அந்த வருஷம் சம்பளம் 2 லட்சம் டாலர், அதாவது லீக்கின் குறைந்தபட்சக் கூலி. அடுத்த வருஷம் 6 லட்சம். 2003-ல் 9 லட்சம். அந்த 2003-ல் அவர் 43 ஹோம் ரன் அடித்து, தன் லீக்கிலேயே அதிக பேட்டிங் சராசரியும் வைத்திருந்தார்! அதே சமயம் பல அணிகளில் இவரில் பாதி கூட ஆடாத சீனியர்கள் கோடிக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

எப்படி இது? அந்த ஊர் விதி அப்படி. முதல் மூன்று வருஷம் கிட்டத்தட்ட அணி சொல்வதுதான் சம்பளம். அடுத்த மூன்று வருஷம் நடுவர் முன்னால் பேரம் பேசலாம், ஆனால் வேறு அணிக்குப் போக முடியாது. ஆறு வருஷ சர்வீஸ் முடிந்தால்தான் 'ப்ரீ ஏஜென்ட்', இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம். பொதுவாக ஒரு ஆட்டக்காரனின் உடம்பு உச்சத்தில் இருப்பது இருபதுகளின் பின்பாதியில். விடுதலை கிடைக்கும்போது அநேகமாக முப்பதை நெருங்கியிருப்பான். பூஹோல்ஸ் 2004-ல் 7 வருஷத்துக்கு 10 கோடி டாலர் என்று கையெழுத்துப் போட்டார். அப்போது பெரிய தொகைதான். ஆனால் அந்தக் காலத்தில் மூன்று முறை (2005, 2008, 2009) லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். அணி 2006-ல் கோப்பையும் வாங்கியது. கணக்குப் பார்த்தால் லாபம் முழுக்க அணிக்கு.

நம் வங்கிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். 2022 நவம்பரில் இருந்து அமலான நம் சம்பள உயர்வுக்குக் கையெழுத்தானது 2024 மார்ச்சில். அரியர்ஸ் வந்தது, சந்தோஷம். பேஸ்பாலிலும் ஆட்டக்காரனுக்கு அரியர்ஸ் உண்டு. ஒரே வித்தியாசம், ஒரு வங்கியில் உழைத்ததற்கான அரியர்ஸை இன்னொரு வங்கி கொடுக்கும்!

2011 அக்டோபரில் கார்டினல்ஸ் மறுபடியும் கோப்பை வென்றது. இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் பூஹோல்ஸ் ஒருவரே மூன்று ஹோம் ரன். ஒப்பந்தமும் அந்த வருஷத்தோடு முடிந்தது. கார்டினல்ஸ் 10 வருஷத்துக்கு சுமார் 21 கோடி டாலர் தருவதாகச் சொன்னது என்று அப்போது செய்தி வந்தது. டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணி 24 கோடி கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது. ஓய்வுக்கு அப்புறம் ஆலோசகராக இருக்க 10 வருஷத்துக்கு இன்னொரு 1 கோடி தனி. (2010-க்கு அப்புறம் வங்கியில் சேர்ந்து என்.பி.எஸ். பார்த்துக் கண்ணீர் விடும் தம்பிகள் இந்த வரியைத் தாண்டிப் போகவும்.)

அந்த 24 கோடியை எப்படிப் பிரித்தார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். 2012-ல் 1.2 கோடி. 2013-ல் 1.6 கோடி. 2014-ல் 2.3 கோடி. அதற்கப்புறம் வருஷத்துக்குப் பத்து லட்சம் ஏறி ஏறி, கடைசி வருஷமான 2021-ல் 3 கோடி. அப்போது அவருக்கு வயது 41.

கார் லோனில் கார் பழசாகப் பழசாக பாக்கியும் இறங்கும். அதனால்தான் வங்கி நிம்மதியாகத் தூங்குகிறது. போகப்போகத் தவணை ஏறுகிற கடனும் எங்களிடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது இளம் வயதுக்காரர்களுக்கு, இனிமேல் சம்பளம் ஏறும் என்ற நம்பிக்கையில் கொடுப்பது. இங்கே தேய்ந்துகொண்டு வரும் முட்டியை அடமானம் வாங்கிக்கொண்டு, தவணையை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். எந்தக் கிளை மேலாளர் இந்த ப்ரொப்போசலை மேலே அனுப்பினாலும் அடுத்த நாளே விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

நடந்ததும் அதுதான். ஏஞ்சல்ஸில் அவர் 222 ஹோம் ரன் அடித்தார், குறை சொல்ல முடியாது. 500-வது, 600-வது ஹோம் ரன், 3000-வது ஹிட் எல்லாமே அங்கேதான். ஆனால் அந்தப் பத்து வருஷத்தில் அணி ப்ளேஆஃப் போனது ஒரே ஒரு முறை, 2014-ல். அதிலும் ஒரு ஆட்டம் கூட ஜெயிக்காமல் வெளியே வந்தது. 2021 மே மாதம் அவரை விடுவித்துவிட்டார்கள்.

கார்டினல்ஸ் என்ன செய்தது? அந்தப் பணத்தைப் பிரித்துப் போட்டது. கார்லோஸ் பெல்ட்ரானுக்கு 2 வருஷம் 2.6 கோடி, முதல் வருஷமே 32 ஹோம் ரன். கேட்சர் மொலினாவுக்கு 5 வருஷம் 7.5 கோடி. பூஹோல்ஸ் போனதற்கு ஈடாக ஏஞ்சல்ஸின் 2012 தேர்வு வாய்ப்பு இவர்களுக்குக் கிடைத்தது. அதில் எடுத்த மைக்கேல் வாக்கா என்ற பையன் 2013-ல் அணியை இறுதித் தொடருக்குக் கொண்டுபோன தொடரின் சிறந்த ஆட்டக்காரன்! 2015 வரை வருஷம் தவறாமல் ப்ளேஆஃப். ஆக, போகவிட்டது சரியான முடிவு. இதில் மச்சினனுக்கும் எனக்கும் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், அணி கணக்குப் பார்த்தால் அதற்குப் பெயர் புத்திசாலித்தனம், ஆட்டக்காரன் கணக்குப் பார்த்தால் பேராசையா? பத்து வருஷமும் சொந்த ஊரை விட்டு வந்து வேலை பார்க்கிற நாம் இதைச் சொல்லலாமா? கார்டினல்ஸ் ரசிகர்கள் சொல்லவே கூடாது. கர்ட் ப்ளட் இவர்கள் அணிக்காரர்தான். 1969-ல் அவரை பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். நம் ட்ரான்ஸ்பர் ஆர்டர் மாதிரிதான், ஆனால் ஆயுசுக்கும். முடியாது என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-ல் தோற்றார். ஆட்ட வாழ்க்கையே போயிற்று. 1975 டிசம்பரில் வேறு இரண்டு பேர் வழக்கில் நடுவர் கொடுத்த தீர்ப்பில்தான் கதவு திறந்தது. பூஹோல்ஸ் அந்தக் கதவு வழியாக நடந்து போனார், அவ்வளவுதான். நம் ஐ.பி.எல்.லில் அது கூடக் கிடையாது. ஏலத்தில் யார் சுத்தியலைத் தட்ட வைத்தார்களோ அவர்களோடு போக வேண்டியதுதான். அஸ்வின் 9.75 கோடி ரூபாய்க்கு சென்னைக்குத் திரும்பியது கூட 2024 ஏலத்தில் அப்படி அமைந்ததால்.

ஏஞ்சல்ஸ் மேல் எனக்குக் கோபம் 24 கோடிக்காக இல்லை. அதே அணியில் 2012-ல் மைக் ட்ரவுட் என்று இருபது வயதுப் பையன் ஆடினான். சிறந்த புதுமுகம் விருது, சிறந்த ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் இரண்டாமிடம். அடுத்த வருஷம் அவனுக்குக் கொடுத்த சம்பளம் 5.1 லட்சம் டாலர். குறைந்தபட்சத்தைவிட வெறும் 20 ஆயிரம் கூடுதல்! பக்கத்தில் நிற்கும் பூஹோல்ஸுக்கு 1.6 கோடி. கார்டினல்ஸில் ஏமாந்தவருக்கு அரியர்ஸ் கொடுத்துக்கொண்டே அடுத்தவரை ஏமாற்றியிருக்கிறார்கள். 2019-ல் ட்ரவுட்டுக்கு 42.65 கோடி என்று எழுதிக் கொடுத்தார்கள், 2030 வரை. 2021-ல் இருந்து அவரும் காயம் காயம் என்று பாதி நாள் வெளியே. அதே படம், இரண்டாவது காட்சி.

இளசுகளுக்கு முன்னாலேயே கொடுத்தால் டாம்பா மாதிரி பணமில்லாத அணிகள் எப்படிப் பிழைக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பத்து பையன்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதும் தெரியாது. ஆனால் தேறியவர்களுக்கு வருஷக் கடைசியில் போனஸ் கொடுக்கலாமே? 2022 ஒப்பந்தத்தில் அதற்கு வழி செய்தார்கள். 30 அணிகளுக்கும் சேர்த்து மொத்தம் 5 கோடி டாலர். பூஹோல்ஸின் கடைசி இரண்டு வருஷத் தவணை (2.9 + 3) கூட அதைவிட அதிகம். கொடுப்பதைப் பத்து மடங்காக்கினால் முப்பத்திரண்டு வயதுக்காரனுக்கு பத்து வருஷச் சீட்டு எழுத வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும் என்பது என் கட்சி.

2022-ல் கார்டினல்ஸ் அவரை ஒரு வருஷத்துக்கு 25 லட்சம் டாலருக்குத் திரும்ப எடுத்தது. 24 ஹோம் ரன் அடித்து, மொத்தம் 703-ல் முடித்தார். சும்மா இருக்க முடியாமல் ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்தேன். ஒரு ஹோம் ரன்னுக்கு எவ்வளவு? 2022-ல் சுமார் 1 லட்சத்து 4 ஆயிரம் டாலர். ஏஞ்சல்ஸில் கடைசி வருஷம், 3 கோடிக்கு 5 ஹோம் ரன், தலைக்கு 60 லட்சம். அந்த 2003-ல்? 21 ஆயிரம் டாலர்.