இரத்த மாளிகைக் கஷாயம்



சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஊர் திரும்புவோரின் பெட்டிகளில் சீன எழுத்துப் பொறித்த மருந்துப் புட்டிகளும் இடம்பெறுவதுண்டு. “இரத்த ஓட்டத்திற்கு நல்லது” என்ற ஒரு சொல்லோடு அவை வீட்டுப் பெரியவர்களின் கைக்குச் சென்றுவிடுகின்றன. அத்தகைய மருந்துகளுள் புகழ்பெற்ற ஒன்றைப் பற்றி இத்திங்கள் அறிந்துகொள்வோம்.

அதன் பெயர் ‘சுவே ஃபூ ஜு யூ தாங்’. இரத்த மாளிகையில் தேங்கியதை அகற்றும் கஷாயம் என்பது பொருள். இதனை வகுத்தவர் வாங் சிங்ரென் (1768–1831) என்னும் சீன மருத்துவர். 1797-இல் கொள்ளைநோயால் மாண்டு, சரிவரப் புதைக்கப்படாமல் கிடந்த குழந்தைகளின் உடல்களை நேரில் கண்டு ஆராய்ந்த அவர், முன்னோர் நூல்களின் பிழைகளைத் திருத்தும் நோக்குடன் 1830-இல் ஒரு நூலை வெளியிட்டார். இக்கஷாயம் அந்நூலில் உள்ளது.

நெஞ்சறையே இரத்தம் நிறைந்திருக்கும் மாளிகை என அவர் கருதினார். அக்கருத்து தவறானது. இதயத்தினின்று நுரையீரல் வழியாக இரத்தம் செல்வதை 13-ஆம் நூற்றாண்டிலேயே இப்னு நஃபீஸ் விளக்கியிருந்தார். உடல் முழுவதற்குமான சுற்றோட்டத்தை 1628-இல் வில்லியம் ஹார்வி நிறுவினார். எனினும், நெஞ்சுவலி, நாள்பட்ட தலைவலி போன்றவற்றிற்கு அவரது கஷாயம் இன்றும் சீன மருத்துவத்தில் வழங்கப்படுகிறது.

இதில் பதினொரு சரக்குகள் உள்ளன. பீச் பழக்கொட்டையின் பருப்பு, குசும்பாப்பூ, தாங்குய் வேர், நம் நாயுருவியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர், அதிமதுரம் ஆகியன அவற்றுட் சில. பதினொன்றும் தாவரங்களே. ஆயினும் அதே மருத்துவர் பக்கவாதத்திற்கு வகுத்த மற்றொரு கஷாயத்தில் மண்புழு சேர்க்கப்படுகிறது. கூட்டுக்குளிகையின் உறை விலங்குப் புரதப் பசையான ஜெலட்டினால் ஆனதாகவும் இருக்கலாம். ஆகவே, ஹலால் பேணும் இல்லத்தார் சேர்மானப் பட்டியலைப் படித்தறியாமல் எதனையும் வாங்கலாகாது.

இதனினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பெற்றோரும் வேறு சிலரும் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் என்னும் மாத்திரையை உட்கொள்கின்றனர். அதனுடன் தாங்குய் சேரும்போது மாத்திரையின் வேகம் அளவுமீறி, இரத்தக்கசிவு நேரக்கூடும். அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உண்டால் இரத்த அழுத்தம் உயரும். உடலின் பொட்டாசியச் சத்து குறையும். கருவுற்ற பெண்களுக்கு இக்கஷாயத்தைச் சீன மருத்துவர்களே விலக்குகின்றனர். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் இதனைத் தவிர்த்தல் வேண்டும்.

இம்மருந்து பயனற்றது என்று தள்ளிவிடுவதற்கில்லை. சீனாவில் இதன்மீது ஆய்வுகள் பல நடந்துள்ளன. ஆனால் அவற்றுட் பல சிறியவை. உறுதியான முடிவுக்கு அவை போதா.

எனவே, இல்லத்தரசிகளே! உங்கள் வீட்டில் இத்தகைய புட்டி இருக்குமாயின், அடுத்தமுறை மருத்துவரிடம் செல்லும்போது அதனையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். திடீரென நெஞ்சு இறுகினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டிராதீர்கள். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். அங்கே இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலையாகும்.