பவளக்கல் வேண்டாம், ஓட்டாஞ்சில்லு போதும்



எங்க சித்தப்பா வீடு வில்லியனூரில் இருக்கு. வரவேற்பறையில் ரெண்டு அடி நீளக் கண்ணாடித் தொட்டி, சுமார் 60 லிட்டர் பிடிக்கும். அதில் தங்கமீன் இல்லை, கடல்மீன்! ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ரெண்டு. படம் பார்த்தவங்க 'நீமோ' என்று சொல்வீங்களே, அதுதான். பத்தாம் நாள் ரெண்டும் செத்துப் போச்சு. தண்ணி என்னவோ கண்ணாடி மாதிரி தெளிவாத்தான் இருந்தது. சித்தப்பா பையன் ரெண்டு நாள் சாப்பிடலை.

இப்ப சித்தப்பா மறுபடியும் தொட்டி வைக்கப் போறார். எந்த பில்டர் போடுறது என்பதில்தான் வீட்டில் சண்டை. மீன் விற்ற கடைக்காரர், "ராமேஸ்வரம் பக்கத்துப் பவளக்கல் பத்து கிலோ தரேன் சார், போட்டுட்டா வேற பில்டரே வேண்டாம்" என்கிறார். நான் வேண்டாம் என்கிறேன். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பாங்க. சரி, இந்தச் சுவரிலாவது ஏறட்டும்.

முதலில் மீன் ஏன் செத்தது? அறிவியல் நோட்டில் நைட்ரஜன் சுழற்சி படம் வரைஞ்சோமே, ஞாபகம் இருக்கா? அதுதான் தொட்டிக்குள்ளும் நடக்குது. மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வருது. அது கண்ணுக்குத் தெரியாத விஷம். கடல்தண்ணி காரத்தன்மை உள்ளது என்பதால் அதில் அம்மோனியாவின் விஷம் இன்னும் அதிகம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. கடையில் கொடுத்த ஸ்பாஞ்சு பில்டர் தூசியைப் பிடிச்சது, தண்ணியும் பளிச்சுன்னு ஆச்சு. ஆனா பாக்டீரியா வந்து குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சித்தப்பா இரண்டாம் நாளே மீனை விட்டுட்டார். பில்டர் என்பது அழுக்கு பிடிக்கிற துணி மட்டும் இல்லை, பாக்டீரியா குடியிருக்கிற வீடு. இது புரிஞ்சிருந்தா அந்த ரெண்டு மீனும் இருந்திருக்கும்.

கடைக்காரர் சொல்றதும் சுத்தப் பொய் இல்லை. இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் பவளப் பாறையில் உடைந்த கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்தே கடல்தொட்டி நடத்தி, அதை 1961-ல் எழுதினார். அந்தக் கல் முழுக்க நுண்ணிய ஓட்டை. வெளிப்பக்கம் ஒரு வகை பாக்டீரியா, காற்று போகாத உள்பக்கம் நைட்ரேட்டையும் தின்கிற வேறு வகை. பில்டர் என்று மட்டும் பார்த்தால் அதுதான் உசத்தி, ஒத்துக்கிறேன்.

ஆனா அது எங்கிருந்து வருது? ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆனவை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற ரெண்டு தீவு கடலுக்குள்ளேயே போயிடுச்சு. அலையைத் தடுக்கிற பாறை இல்லைன்னா மணல் தீவு எப்படி நிற்கும்? 2001-லிருந்து கல் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. புலி இருக்கிற அதே அட்டவணை! "செத்த கல்லுதானேம்மா" என்றார் சித்தப்பா. செத்த புலியின் தோலை வீட்டில் மாட்டலாமா சித்தப்பா?

அதுக்குப் பதிலா நான் சொன்னது ஓட்டாஞ்சில்லு. நாம நொண்டி ஆடுறோமே, அதே சில்லுதான். புவிசார் குறியீடு வாங்கின சுடுமண் வேலை நடக்கிற வில்லியனூரில் இருந்துகிட்டு பாக்டீரியாவுக்கு வீடு தேடி ராமேஸ்வரம் போகணுமா? சுட்ட மண்ணிலும் நுண்ணிய துளை உண்டு. பெயிண்டும் மெருகும் இல்லாத உடைசலா பார்த்துப் பொறுக்கி, நல்லா கழுவி, தண்ணி ஓடுகிற பெட்டியில் போட்டால் போதும். ஒரு குறை உண்டு. சில்லு பவளக்கல் மாதிரி நைட்ரேட்டைப் போக்காது. அதனால வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணியை மாற்றியே ஆகணும். புதுத் தண்ணிக்கு லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடல்தொட்டி உப்பு கலக்கணும். (ஆயா மரக்காணம் உப்பு போடச் சொல்லுச்சு. அது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். மெக்னீசியம், கால்சியம் எல்லாம் உப்பளத்திலேயே பிரிஞ்சிடும்.)

நுரை எடுக்கிற மெஷினும் ஒண்ணு இருக்கு. வீராம்பட்டினம் கடற்கரையில் அலை ஒதுக்குற நுரையைப் பார்த்திருப்பீங்க. அதே மாதிரி பொடிக் குமிழி விட்டு, அதில் ஒட்டுகிற கழிவை அம்மோனியா ஆகும் முன்னாடியே நுரையோடு வெளியே தள்ளிடும். நல்ல கருவிதான். ஆனா ரெண்டே ரெண்டு மீனுக்கு அது இப்ப அவசியமில்லை என்பது என் எண்ணம். அந்தக் காசில் பேட்டரியில் ஓடுற காற்று பம்ப் வாங்கலாம். நம்ம பக்கம் கரண்டு போனா, மீனோடு பாக்டீரியாவுக்கும் மூச்சு முட்டும் இல்லையா?

மீனும் கடலில் பிடிச்சதா இருக்கக் கூடாது. பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்திலும், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்திலும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வெச்சிருக்காங்க. பண்ணைக் குஞ்சு கேட்டு வாங்கலாம்.

சித்தப்பா இன்னும் பவளக்கல்லுக்கு அட்வான்ஸ் கொடுக்கலை, என் பேச்சை ஒத்துக்கவும் இல்லை. "ஒரு மாசம் பார்ப்போம்" என்றார். நம்ம ஊரு செவ்வாய்ச் சந்தையில் வாங்கின ஒரே ஒரு இறாலைத் தொட்டியில் போட்டு அழுக விட்டிருக்கோம். அம்மோனியா வந்தால்தானே அதைத் தின்ன பாக்டீரியா வரும்! இது மூணாவது வாரம். சோதனைத் தண்ணியில் அம்மோனியா நிறம் இறங்க ஆரம்பிச்சிருக்கு, நைட்ரைட் இன்னும் இறங்கலை. தொட்டியில் மீனே இல்லாம சில்லும் தண்ணியும் மட்டும் ஓடுது. இறால் நாத்தத்துக்கு ஆயா தினமும் என்னைத்தான் திட்டுது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி