ஏற்றிய விளக்கு

உப்பளத்தில் பாய்ச்சிய நீர் கோடை முடிவதற்குள் உப்பாகும். வகுப்பறையில் ஆசிரியர் பாய்ச்சுவதோ ஒரு தலைமுறை கழித்தே விளையும். கிளியனூருக்கு அணித்தேயுள்ள புதுவை இதற்குச் சான்று. பாவேந்தர் பாரதிதாசனார் 1909 முதல் 1946 வரை, 37 ஆண்டுகள், பள்ளியாசிரியர். அவரிடம் இளமையில் பயின்ற வில்லியனூர்ச் சிறுவரே பின்னாளில் பாவலர் வாணிதாசனார். அவரும் ஆசிரியராகவே வாழ்ந்தார். ஒரு விளக்கு மறுவிளக்கை ஏற்றிற்று!

தமிழன்பர்களே! மரக்காணக் கரையில் அளத்தொழிலாளியின் குழந்தைக்குத் தமிழெழுத்தை முதற்கண் காட்டுபவர் நம் மேடைப் பேச்சாளர் அல்லர், ஊர்ப்பள்ளி ஆசிரியரே. மேடையில் தமிழ் முழங்கி, பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவோர் அவரைப் போற்றுவது வெறும் வாய்ச்சொல். நும் பிள்ளையை அவரிடமே தமிழ்வழியில் பயில விடுமின்! அதுவே உண்மையான நன்றிக்கடன்.