வெளியேறும் வாசலை முதலில் பாருங்கள்

கல்லடியில் சிறு வணிக நிறுவனம் ஒன்றை நடத்தும் நண்பர் அண்மையில் ஆலோசனை கேட்டு வந்தார். பணியாளர்களின் தலைகளிலும் மேசை இழுப்பறைகளிலும் சிதறிக் கிடக்கும் அலுவலக அறிவையெல்லாம், அதாவது கொள்முதல் விபரம், இயந்திரத் திருத்தக் குறிப்பு, வங்கி நடைமுறை எல்லாவற்றையும், ஓரிடத்தில் சேர்க்க வேண்டுமாம். "கிளவுட்டில் பத்திரமாக இருக்கும் அண்ணன், மாதச் சந்தா கட்டினால் போதும்" என்றவர், மூன்று மென்பொருள்களைக் காட்டி எது அழகானது என்று கேட்டார்.

கேள்வியே பிழை என்பது என் வாதம். ஒரு மென்பொருளுக்குள் நுழைவது எவ்வளவு எளிது என்று பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியேறுவது எவ்வளவு எளிது என்று பாருங்கள்.

பட்டறிந்தே சொல்கிறேன். நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகை அலுவலகமொன்றில் ஆண்டுக்கணக்கான செய்திகள் பாமினி எழுத்துருவில், பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாகவே சேமிக்கப்பட்டன. பாமினியில் திரையில் தெரிவது மட்டுமே தமிழ். கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை பற்றிய எங்கள் சொந்தச் செய்திகளைப் பின்னாளில் தேடினோம். 'நாவலடி' என்று ஒருங்குறியில் தட்டினால் எதுவும் அகப்படவில்லை. பழைய கோப்புகளைப் புதிய கணினி திறக்கவும் மறுத்தது. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பு வீடுகளின் கூரைகளோடு கடதாசிகளையும் அள்ளிச் சென்றது. அதற்குக் காற்றைக் குறை சொல்லலாம். இதற்கு யாரைச் சொல்வது? எங்களைத்தான்.

சந்தா என்பது வாடகை. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. டொலரில் சந்தா கட்டியவருக்கு, ஒரு பக்கமும் கூடுதலாக எழுதாமலே செலவு 80 சதவீதம் ஏறியது. வாடகை கட்டாதவனின் பொருள் யாரிடம் இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

காசு இருந்தாலும் உத்தரவாதமில்லை. உலகெங்கும் நிறுவனங்கள் தம் சொந்த வழங்கியில் நிறுவிக்கொண்ட கொன்ஃபுளுவன்ஸ் சேர்வர் பதிப்புக்கான ஆதரவை, அதன் உரிமையாளரான அற்லாசியன் 2024 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. முடிவு அவர்களுடையது, இடம்பெயரும் வேலை வாடிக்கையாளருடையது.

மாற்று வழி கண்முன்னே இருக்கிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. அதன் தளம், விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கியில் அமைந்தது. திறந்த மூல மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை. சிறிய அலுவலகத்துக்கு டொக்குவிக்கி இன்னும் எளிது. தரவுத்தளமே வேண்டாம்; ஒவ்வொரு பக்கமும் சாதாரண உரைக்கோப்பு. நாளை அந்த மென்பொருளே இல்லாது போனாலும், கோப்பை எந்தக் கணினியிலும் திறந்து வாசிக்கலாம்.

"இலவசம் என்றாலும் பராமரிக்க ஆள் வேண்டுமே" என்பார்கள். உண்மை. மீடியாவிக்கி இரகசியங்களைப் பிரிவு பிரிவாகப் பூட்டிவைப்பதற்கென ஆக்கப்பட்டதும் அன்று. சம்பளப் பட்டியலை அதில் வைக்காதீர்கள். ஆனால் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கட்டும் சந்தாவில் ஒரு பங்கை, வந்தாறுமூலையில் படித்து வெளியேறும் இளைஞர் ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள். பிரதியெடுத்து வைக்கும் பொறுப்பும் அறிவும் ஊரிலேயே தங்கும்.

நண்பருக்கு மூன்று சோதனைகள் சொன்னேன். பத்துப் பக்கங்களைத் தமிழில் எழுதுங்கள். 'மட்டக்களப்பு' என்று தேடினால், 'மட்டக்களப்பில்', 'மட்டக்களப்பிலிருந்து' என்று எழுதிய பக்கங்களும் வருகின்றனவா? அந்தப் பத்துப் பக்கங்களையும் ஒருங்குறி உரையாக வெளியே எடுக்க முடிகிறதா? இணையத்தைத் துண்டித்துவிட்டு, எடுத்ததை வேறொரு கணினியில் வாசிக்க முடிகிறதா?

விற்பனையாளர் முன்னிலையிலேயே செய்து பாருங்கள். மூன்றாவது சோதனைக்கு அவர் தயங்கினால், மரியாதையாகத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.